நஞ்சேறிய மண்: யாருடைய கடன்?

நிலத்தில் நஞ்சு இறங்கிவிட்டால் அதை யார், எந்த அளவுக்கு, யாருடைய பணத்தில் துப்புரவு செய்வது என்ற கேள்விக்கு இரண்டு வழிகளில் விடை தேடப்படுகிறது. ஒன்று சட்டத்தின் வழி. கெடுத்தவரைக் கண்டறிந்து, பொறுப்பை அவர்மீது சுமத்தி, மண்ணைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் செய்வது அதன் முறை. மற்றது பொருளியலின் வழி. துப்புரவுக்கு ஆகும் செலவையும் அதனால் விளையும் நன்மையையும் எடைபோட்டு, வரி, பிணைத்தொகை, நிலவிலை ஆகியவற்றின் மூலம் துப்புரவையே ஆதாயமாக்குவது அதன் முறை. இரண்டும் நிர்வாக நுட்பங்களாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஓர் அறக் கேள்வி. நிலத்தைக் கெடுப்பது குற்றமா, வெறும் செலவா? குற்றம் என்றால் அதைப் பணத்தால் தீர்க்க முடியுமா? செலவு என்றால், கட்டுப்படியாகாதபோது நிலத்தை அப்படியே விட்டுவிடலாமா?

சுங்கை வேயின் மண்

இந்தக் கேள்வியை ஆராய சுங்கை வே பொருத்தமான இடம். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையில், பெட்டாலிங் ஜெயாவை ஒட்டிய இவ்வட்டாரம் ஒரு நூற்றாண்டுக்குள் பல தொழில்களைக் கண்டது. முதலில் லம்பங்கள் எனப்படும் ஈயச் சுரங்கங்கள்; சுற்றிலும் பால்மரத் தோட்டங்கள். 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் இங்கே ஒரு புதுக்கிராமம் எழுந்தது. 1972இல் தடையற்ற வாணிப வட்டாரம் திறக்கப்பட்டு மின்னணு ஆலைகள் வந்தன. பழைய லம்ப நிலத்தின் ஒரு பகுதியில் பின்னர் பண்டார் சன்வே உருவானது.

ஒவ்வொரு தொழிலுக்கும் தனக்கே உரிய எச்சம் உண்டு. ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் அமாங் மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதில் கதிரியக்கமுள்ள தோரியம் கலந்திருக்கிறது. மலாயாவின் பால்மரத் தோட்டங்களில் லாலாங் புல்லை ஒழிக்கப் பல ஆண்டுகள் சோடியம் ஆர்சனைட் தெளிக்கப்பட்டது. ஆர்சனிக் ஒரு தனிமம் ஆகையால் அது மக்கி அழிவதில்லை. மின்னணுத் தொழிலில் உதிரிப்பாகங்களைக் கழுவ உலகெங்கும் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் தண்ணீரைவிடக் கனமானவை. கசிந்தால் அவை நிலத்தடி நீரையும் தாண்டிக் கீழே இறங்கும். இதே தொழில் முன்னர் செழித்த கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா மாவட்டத்தில் மட்டும் 20க்கும் மேற்பட்ட இடங்கள் அமெரிக்க அரசின் நச்சுநிலப் பட்டியலில் ஏறியுள்ளன. இவை அனைத்தும் சுங்கை வே மண்ணில் கிடக்கின்றன என்பது இதன் பொருளன்று. ஒரே நிலத்தின்மீது எத்தனை தலைமுறைகளின் கைகள் பட்டிருக்கின்றன, அவற்றுள் எத்தனை கைகள் இன்று இல்லை என்பதே இந்த வரலாறு காட்டுவது.

சட்டத்தின் வழி

சட்டத்தின் வழி மிகப் பழைய நீதி உணர்விலிருந்து பிறந்தது. ஒருவர் செய்த தீங்கால் இருவருக்கிடையே இருந்த சமநிலை குலைகிறது. நீதிபதி அதை மீண்டும் நேர் செய்கிறார் என்று அரிஸ்டாட்டில் இதை விளக்கினார். ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் 1868ஆம் ஆண்டின் ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் தீர்ப்பு, ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர், அது தப்பி வெளியேறி அயலாரைக் கெடுத்தால் பொறுப்பேற்க வேண்டும் என்றது. மலேசியாவின் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் மண்ணைக் கெடுப்பதை 24ஆம் பிரிவில் தடுக்கிறது. சுற்றுச்சூழல் துறையே துப்புரவில் இறங்கினால் அந்தச் செலவைக் கெடுத்தவரிடமிருந்து வசூலிக்க 47ஆம் பிரிவு வழி செய்கிறது.

இவ்வழியின் உச்சம் அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டுச் சூப்பர்ஃபண்ட் சட்டம். நயாகரா நீர்வீழ்ச்சி நகரின் லவ் கெனால் பகுதியில் ஹூக்கர் நிறுவனம் ஆயிரக்கணக்கான டன் இரசாயனக் கழிவைப் புதைத்தது. 1953இல் அந்த நிலத்தை ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்துக்கு விற்றது. அங்கே பள்ளியும் வீடுகளும் எழுந்தன. 1978இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த அதிர்ச்சியில் பிறந்த சட்டம், கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை என்றது. சட்டம் வருவதற்கு முன்பு நடந்த செயலுக்கும் பொறுப்பு உண்டு என்றது. பலர் சேர்ந்து கெடுத்திருந்தால் எவரிடமும் முழுச் செலவையும் கேட்கலாம் என்றது.

இந்தியாவில் இதே கொள்கையை வலுப்படுத்திய தீர்ப்புகளுள் ஒன்று தமிழ்நாட்டின் மண்ணிலிருந்து பிறந்தது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே செலவைத் தர வேண்டும் என்ற கொள்கையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிர்செய்ய முடியாமல் போனதை அத்தீர்ப்பு பதிவு செய்தது. பாதிக்கப்பட்ட மக்களுக்கான இழப்பீடு மட்டும் போதாது, கெட்ட சூழலை மீட்கும் செலவும் கெடுத்தவருடையதே என்பது அதன் சாரம். ஆயினும் 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே ஆற்றங்கரைக்காக மீண்டும் தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. நீதிமன்றம் கடனை அறிவித்துவிடலாம். மண்ணில் அதை நிறைவேற்றுவது வேறு வேலை.

புக்கிட் மேரா காட்டிய எல்லை

சட்டத்தின் பலத்தையும் பலவீனத்தையும் மலேசியாவில் ஒருசேரக் காட்டியது பேராக் மாநிலத்தின் புக்கிட் மேரா. ஈய லம்பங்களின் எச்சமான மோனசைட்டிலிருந்து அரிய மண் கனிமங்களைப் பிரிக்க ஏஷியன் ரேர் எர்த் நிறுவனம் 1982இல் அங்கே வேலையைத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி குழுமம் அதில் முக்கியப் பங்குதாரர். தோரியக் கழிவைக் கண்டு அஞ்சிய மக்கள் 1985இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைச் சேர்ந்த மீனாட்சி ராமன் அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களுள் ஒருவர். 1992 ஜூலை 11 அன்று ஆலையை மூடும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. 1993 டிசம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. மக்கள் அணுசக்தி உரிம வாரியத்திடம் முறையிட்டிருக்க வேண்டும் என்பது அது சொன்ன காரணங்களுள் ஒன்று.

சட்டப்படி மக்கள் தோற்றார்கள். ஆனால் 1994 ஜனவரியிலேயே ஆலை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. பிறகு நீதிமன்ற ஆணை எதுவும் இல்லாமலேயே மிட்சுபிஷி துப்புரவை மேற்கொண்டது; அதற்கு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவாகிறது என 2011இல் செய்தி வெளியானது. ஊராருக்கு வந்த நோய்களுக்குத் தான் பொறுப்பு என்பதை மட்டும் நிறுவனம் ஏற்கவில்லை. வழக்கு தள்ளுபடியானதால் கடன் தள்ளுபடி ஆகவில்லை என்பது இதில் தெரியும் முதல் உண்மை. தன் பெயருக்கு இழுக்கு வரும் என்ற அச்சமும் ஊராரின் விடாமுயற்சியும் தீர்ப்பால் முடியாததைச் செய்தன. அதே வேளையில், பெயருக்கு அஞ்சாத சிறு நிறுவனமாக இருந்திருந்தால் அந்தக் கழிவு அங்கேயே கிடந்திருக்கும் என்பதும் உண்மை.

சட்டத்தின் எல்லைகள் மூன்று. முதலாவது காலம். மலேசியாவின் 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின்படி இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவாக 6 ஆண்டுகளே உண்டு. 2018ஆம் ஆண்டுத் திருத்தம், உடற்காயம் அல்லாத கவனக்குறைவு வழக்குகளில், சேதம் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டு தந்தது; ஆனால் அதற்கும் 15 ஆண்டு என்ற உச்சவரம்பு வைத்தது. மண்ணுக்குள் நஞ்சு நகரும் காலமோ தலைமுறைக் கணக்கு. தோரியம்-232இன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள்.

இரண்டாவது, அறிவு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நீர் நிறுவன வழக்கில், தோல் ஆலை ஒன்றிலிருந்து சிந்திய கரைப்பான் ஊருக்குக் குடிநீர் தரும் கிணற்றை எட்டியது. சிந்திய காலத்தில் அந்த விளைவை யாரும் முன்கூட்டி உணர்ந்திருக்க முடியாது என்பதால் ஆலைக்குப் பொறுப்பில்லை என 1993இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அறியாமல் செய்தவரை விடுவித்தது அறம்தான். ஆனால் கெட்ட கிணற்றின் சுமை கெடுக்காதவர்மேல் விழுந்தது.

மூன்றாவது, ஆள். கம்பெனி என்பது சட்டம் படைத்த நபர். கலைக்கப்பட்டால் அது இல்லாமல் போகும். இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு லட்சக்கணக்கான டன். கடன்காரர் போய்விட்டார், கடன் குவியலாகக் கிடக்கிறது.

பொருளியலின் வழி

இந்த இடத்தில்தான் பொருளியலின் வழி வலுப்பெறுகிறது. ஆர்தர் பிகூ 1920இல் வெளியிட்ட நூலில், ஒருவர் தொழிலால் பிறருக்கு ஏற்படும் இழப்பு விலையில் சேராமல் போவதே கோளாறு என்றார். அந்த இழப்பின் அளவுக்கு வரி விதித்தால் தொழில் செய்பவரே தீங்கைக் குறைப்பார் என்ற கருத்தை முன்வைத்தார். ரோனால்ட் கோஸ் 1960இல் வேறொரு கோணம் காட்டினார். உரிமைகள் தெளிவாக இருந்து, பேரம் பேசும் செலவு இல்லாமல் இருந்தால், பொறுப்பு எந்தப் பக்கம் இருந்தாலும் இரு தரப்பும் பேசி மொத்தச் செலவு குறைந்த முடிவுக்கு வரும் என்றார். நடைமுறையில் பேரத்துக்குச் செலவு உண்டு, ஆகவே சட்டம் உரிமையை எங்கே வைக்கிறது என்பது முக்கியமாகிறது என்பதும் அவர் வாதத்தின் பகுதி.

இவ்வழி, கெடுத்தவர் யார் என்று தேடிக் காலம் கடத்துவதில்லை. சுத்தமான நிலத்தின் விலை, துப்புரவுச் செலவைவிட அதிகமாக இருந்தால் யாரோ ஒருவர் முன்வந்து அதைச் செய்வார். பண்டார் சன்வே இதற்குக் கண்முன் உள்ள சான்று. 1974இல் ஜெஃப்ரி சியா தொடங்கிய சுங்கை வே குழுமம், சுமார் 800 ஏக்கர் பழைய லம்ப நிலத்தை நகரமாக்கியது. தோண்டி எடுக்கப்பட்ட பள்ளம் 1990களில் நீர்க்கேளிக்கைப் பூங்காவானது. மணல்மேட்டில் கல்லூரியும் மருத்துவமனையும் எழுந்தன. லம்பம் தோண்டியவர்கள்மேல் வழக்குப் போட்டு இது நடக்கவில்லை. கோலாலம்பூருக்கு அருகில் நிலத்துக்கு ஏறிய விலை இதை நடத்தியது.

வருமுன் காக்கும் கருவிகளும் பொருளியலில் உண்டு. குவாந்தான் அருகே கெபெங்கில் லைனாஸ் அரியமண் ஆலைக்கு உரிமம் தரும்போது 5 கோடி அமெரிக்க டாலர் பிணைத்தொகை கேட்கப்பட்டது. புக்கிட் மேராவில் பின்னால் தேட வேண்டியிருந்த பணத்தை முன்னாலேயே கட்டிவைக்கச் செய்வது இதன் நோக்கம். அமெரிக்காவில் சூப்பர்ஃபண்ட் நிதிக்காக இரசாயன, எண்ணெய்த் தொழில்கள்மேல் போடப்பட்ட வரி, ஆளில்லாத நிலங்களைத் துப்புரவாக்கப் பயன்பட்டது. 1995இல் அது காலாவதியானதும் சுமை பொது வரிப்பணத்துக்கு மாறியது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் இரசாயன வரியை மீண்டும் கொண்டுவந்தது.

ஆனால் நிலவிலை செய்யும் நன்மைக்கும் எல்லை உண்டு. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கிலும் லம்பங்கள் இருந்தன. அங்கே நிலத்துக்குச் சுங்கை வேயின் விலை இல்லை. பழைய லம்பக் குட்டைகள் பல இன்றும் குட்டைகளாகவே உள்ளன. விலையை மட்டும் நம்பினால் நகரத்து மண் குணமாகும், நாட்டுப்புற மண் நோயோடு கிடக்கும். வசதியுள்ளவர் வீடு வாங்கும் இடம் சுத்தமாகும். வசதியற்றவர் பிழைக்கும் இடம் காத்திருக்கும்.

காலத்தைக் கணக்கிடுவதிலும் சிக்கல் இருக்கிறது. பொருளியல் வருங்கால நன்மையை வட்டி விகிதத்தால் கழித்து இன்றைய மதிப்பாக்குகிறது. ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று கழித்தால், 100 ஆண்டுக்குப் பிறகு ஏற்படும் 10 லட்சம் ரிங்கிட் சேதத்தின் இன்றைய மதிப்பு சுமார் 7,600 ரிங்கிட். அதற்குமேல் செலவழித்து அந்தச் சேதத்தைத் தடுப்பது நட்டம் என்று கணக்கு சொல்லும். பின்னால் வருவோரின் நலனை அவர்கள் பின்னால் வருகிறார்கள் என்பதற்காகவே குறைத்து மதிப்பது அறத்துக்குப் பொருந்தாது என்று 1928இலேயே கணித மேதை ஃபிராங்க் ராம்சி வாதிட்டார். அரை ஆயுள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக உள்ள பொருளைப் புதைக்கும்போது அந்த வாதம் முழு எடையோடு வந்து நிற்கிறது.

எவ்வளவு சுத்தம் போதும்

இரண்டு வழிகளும் நேருக்கு நேர் மோதும் இடம், துப்புரவின் அளவு. பழைய நிலைக்கே கொண்டுவர வேண்டும் என்பது சட்ட உணர்வு. அடுத்த பயன்பாட்டுக்குப் போதுமானால் போதும் என்பது பொருளியல் உணர்வு. நெதர்லாந்தில் 1980இல் லெக்கர்கெர்க் என்ற ஊரில் வீடுகளுக்கு அடியில் இரசாயனக் கழிவு கண்டுபிடிக்கப்பட்ட பின், எந்தப் பயன்பாட்டுக்கும் ஏற்றதாக மண்ணை மீட்க வேண்டும் என்ற கொள்கை வகுக்கப்பட்டது. கெட்ட நிலங்களின் எண்ணிக்கையும் செலவும் பெருகியதால் 1990களில் அது தளர்ந்து, பயன்பாட்டுக்கேற்ற துப்புரவு என்றானது. மலேசியச் சுற்றுச்சூழல் துறை 2009இல் வெளியிட்ட நச்சுநில வழிகாட்டிகளும் குடியிருப்பு, தொழில் எனப் பயன்பாட்டைப் பொறுத்தே அளவுகளைப் பிரிக்கின்றன.

கொடைக்கானலின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து 1980களில் அங்கே கொண்டுவரப்பட்ட வெப்பமானி ஆலை, பின்னர் ஹிந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஒரு பழைய இரும்புக்கடையில் கிடப்பது வெளிப்பட்டதும் 2001இல் ஆலை மூடப்பட்டது. 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு உடன்பாடு ஏற்பட்டது. மண்ணுக்கோ, கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவு வகுக்கப்பட்டது. சோலைக்காட்டின் விளிம்பில், ஆற்றுக்கு நீர் இறங்கும் மலைச்சரிவில், இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்று சூழல் ஆர்வலர்கள் வாதிட்டார்கள். மனிதர் வசிப்பதற்கான அளவைக் கணக்கு தரும். காட்டுக்கும் ஓடைக்கும் உரிய அளவை மனிதரின் பயன்பாட்டிலிருந்து மட்டும் வகுக்க முடியாது என்பதே அந்த வாதத்தின் உயிர்.

பரிகாரமும் பொறுப்பும்

இந்த மோதலைத் தமிழ் மரபு தன் வழியில் முன்பே எதிர்கொண்டிருக்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணம் சொல்லும் மனுநீதிச் சோழன் வரலாற்றில், இளவரசனின் தேர்க்காலில் கன்று மாய்கிறது. பசுவதைக்கு நூல்கள் விதித்த பரிகாரம் செய்தால் போதும் என்பது அமைச்சர் வாதம். தாய்ப்பசுவின் துயரைப் பரிகாரம் ஆற்றாது என்றும், பிறர் செய்தால் தண்டித்துவிட்டுத் தன் மகன் செய்தால் கிரியையால் தீர்ப்பது நீதியாகாது என்றும் அரசன் மறுக்கிறான். விதிக்கப்பட்ட தொகையைக் கட்டிவிட்டால் குற்றம் கழியும் என்ற எண்ணத்துக்கு இதைவிட உறுதியான மறுப்பு இல்லை. அபராதத் தொகை தொழிற்செலவில் ஒரு வரியாகிவிடும்போது நிகழ்வது அமைச்சர் சொன்ன பரிகாரமே.

சைவ சித்தாந்தம் வினை செய்தவரையே சேரும் என்கிறது. இதைத் திருப்பிப்போட்டு, கெட்ட நிலத்தில் வாழ்பவர் தம் வினையை அனுபவிக்கிறார் என்று சொல்லி ஒதுங்குவது தத்துவத்தைத் தவறாகப் பிடிப்பதாகும். வினைக் கொள்கை செய்பவரின் பொறுப்பை உறுதிப்படுத்த வந்தது. துன்புறுபவரைக் கைவிட வந்ததன்று. உயிர்கள்மேல் இரக்கம் இல்லாதவரிடம் சிவபக்தி இல்லை என்பதே அச்சமயத்தின் நிலை. திருவள்ளுவரும் பொறையுடைமை அதிகாரத்தை நிலத்தின் பொறுமையை எடுத்துக்காட்டித் தொடங்குகிறார். அது மனிதர் கற்க வேண்டிய பண்பாகச் சொல்லப்பட்டது. நிலத்தை எவ்வளவும் தோண்டலாம் என்ற அனுமதியாகச் சொல்லப்படவில்லை.

மலேசியாவின் மற்றச் சமயங்களும் நிலத்தை மனிதரின் முழு உடைமையாகக் கருதவில்லை. இஸ்லாத்தில் மனிதர் பூமியின் பொறுப்பாளர். தீங்கு செய்வதும் தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது அதன் சட்டவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அதே சட்டவியல், செத்த நிலத்துக்கு உயிரூட்டியவருக்கு அதில் உரிமை தருகிறது. பழைய மலாய் வழக்காறும் உயிருள்ள நிலம், இறந்த நிலம் என்று பிரித்து, இறந்த நிலத்தைத் திருத்தியவருக்கே அதை உரியதாக்கியது. கெடுத்தலுக்குத் தடை, மீட்டலுக்கு ஊக்கம் ஆகிய இரண்டும் ஒரே மரபுக்குள் அருகருகே இருக்கின்றன. விவிலியத்தின் லேவியர் நூல், நிலம் இறைவனுடையது, ஆகையால் அதை என்றென்றைக்குமாக விற்கக்கூடாது என்கிறது. பழைய மலாய் லம்பங்களில் பவாங் என்ற பூசகர் சடங்கு செய்து, நிலத்துக்குரிய தெய்வங்களின் இசைவைப் பெற்ற பிறகே தோண்டினார்கள். சிலாங்கூரில் அரசுப் பணியாற்றிய வால்ட்டர் ஸ்கீட் 1900இல் இதைப் பதிவு செய்தார். இன்றும் தமிழர் பூமி பூசை செய்தே கடைக்கால் தோண்டுகிறார்கள். அனுமதி கேட்டு எடுப்பவர், எடுத்தபின் திருப்பித் தரவும் கடமைப்பட்டவர் என்பது இச்சடங்குகளுக்குள் இருக்கும் பொருள்.

பட்டா இல்லாதவர்கள்

இரண்டு வழிகளுக்கும் பொதுவான ஒரு குறையைத் தோட்டத் தமிழர் வரலாறு வெளிக்காட்டுகிறது. அயலவர் தொல்லைக்காக வழக்குத் தொடுக்க, கெட்ட நிலத்தில் சட்டப்படியான உரிமை வேண்டும் என்பதை 1997இல் பிரபுக்கள் சபை கேனரி வார்ஃப் வழக்கில் மீண்டும் உறுதி செய்தது. தலைமுறை தலைமுறையாக லயன் வீட்டில் வாழ்ந்து, அந்த மண்ணில் கோயில் எழுப்பி, குழந்தைகளை வளர்த்த தொழிலாளிக்கு அந்த உரிமை இருந்ததில்லை. பொருளியலின் கணக்கிலும் அவர் இல்லை. நிலவிலையில் அவருக்குப் பங்கில்லை, துப்புரவுக்குப் பின் விலை ஏறினால் வெளியேற வேண்டியவரும் அவரே. தோட்டத்தில் மருந்து தெளித்தவர்களின் கைகள்தாம் முதலில் நஞ்சைத் தொட்டன. உடைமையை மட்டும் அளக்கும் எந்த முறையும் இவர்களைத் தவறவிடும். ஆகவே கடன் நில உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று. அந்த மண்ணில் நின்றவர், அதன் நீரைக் குடித்தவர், இனி அங்கே பிறக்கப் போகிறவர் எல்லோருக்கும் உரியது.

இரண்டையும் இணைக்கும் ஒழுங்கு

இவற்றிலிருந்து ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. துப்புரவு செய்யும் கடமை தீங்கிலிருந்து பிறக்கிறது, நிலத்தின் விலையிலிருந்து பிறப்பதில்லை. ஆகவே கடன் உண்டா என்பதைச் சட்டமும் அறமும் முதலில் சொல்ல வேண்டும். எந்த இடத்தை முதலில், எந்த முறையில், எத்தனை கட்டமாக என்பதை அதன் பிறகு பொருளியல் சொல்லலாம். பணமும் ஆளும் அளவோடுதான் உண்டு. குடிநீர்க் கிணற்றுக்கு அருகில் உள்ள சிறிய குவியலை விட்டுவிட்டு, ஆளில்லாத இடத்தில் கடைசித் துகள்வரை தேடுவது அறமாகாது. அந்த வகையில் செலவுக் கணக்கும் ஓர் அறக் கருவியே. ஆனால் அது கடனை அடைக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். கடனையே அழிக்க அதற்கு அதிகாரம் இல்லை.

கெடுத்தவர் மறைந்த நிலத்துக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். அந்தத் தொழிலின் பயனை அனுபவித்தவர்கள் எஞ்சியிருக்கிறார்கள்: அதே துறையின் பிற நிறுவனங்கள், வரியும் அந்நியச் செலாவணியும் பெற்ற அரசு, மலிவான பொருளை வாங்கிய சமூகம். இவர்களுள் எவரும் குற்றவாளி அல்லர். ஆனால் கெட்ட மண்ணின் விலையைச் செலுத்தாமல் அதன் ஆதாயத்தைப் பெற்றவர்கள். துறை முழுவதன்மேலும் வரி போட்டு நிதி சேர்ப்பது தண்டனை ஆகாது, பங்கிட்டுச் சுமக்கும் நீதியாகும். அறியாமல் நிலத்தை வாங்கியவருக்கும் இதே அளவுகோல்: குற்றம் அவருடையதன்று, ஆனால் நஞ்சை அறிந்த நாள் முதல் அது பரவாமல் தடுக்கும் கடமை அவருடையது.

மலேசியாவில் இந்த ஒழுங்குக்குத் தேவையான சில கூறுகள் இருக்கின்றன, சில இன்னும் சேர வேண்டும். 2024ஆம் ஆண்டுத் திருத்தம் சுற்றுச்சூழல் குற்றங்களுக்கான உச்ச அபராதத்தை 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டு, 111 பள்ளிகள் மூடப்பட்ட நாட்டில் அது தேவையான கடுமை. ஆனால் அபராதம், கெடுத்தவரைத் தண்டிக்கிறது. தானாக மண்ணைச் சுத்தம் செய்வதில்லை. 2009ஆம் ஆண்டின் நச்சுநில அளவுகள் வழிகாட்டிகளே. அவை சட்டத்தின் கட்டாயம் பெற வேண்டும். அத்தகைய கட்டாயத்துக்கு எடுத்துக்காட்டாக, இந்தியா 2025 ஜூலையில் நச்சேறிய இடங்களுக்கெனத் தனி விதிகளை அறிவித்தது. நிலத்தின் பயன்பாடு மாறும்போதும் கைமாறும்போதும் மண்ணின் வரலாறு பத்திரத்தோடு சேர்ந்து வர வேண்டும். ஆலை தொடங்கும்போதே மூடும் நாளுக்கான பிணைத்தொகை கட்டப்பட வேண்டும். லைனாஸுக்குக் கேட்டது மற்ற ஆபத்தான தொழில்களுக்கும் பொருந்தும்.

நஞ்சேறிய நிலம் சட்டத்துக்கு ஒரு வழக்காகவும் பொருளியலுக்கு ஒரு முதலீடாகவும் தெரிகிறது. வழக்கு தோற்கலாம், முதலீடு நட்டமாகலாம். இரண்டிலும் மண் கெட்டே கிடக்கலாம். நிலம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்ற சமயங்களின் கருத்து இந்த இரண்டுக்கும் அடித்தளமாகும்போதுதான் வழக்குக்கு விடாப்பிடியும் முதலீட்டுக்கு வரம்பும் கிடைக்கின்றன. கெடுத்தவர் இருந்தால் அவரும், இல்லாவிட்டால் பயன்பெற்ற எல்லோரும், விலை ஏறிய நிலத்தில் எவ்வாறோ அவ்வாறே விலையில்லா நிலத்திலும் அந்தக் கடனைத் தீர்க்கக் கடமைப்பட்டவர்கள்.